ஈசானிய மூலைக் குழாய்

மனையில் விழும் மழைநீரை அந்த மனைக்குள்ளேயே நிலத்தில் இறக்க வேண்டும். மிஞ்சுவதைத் தெரு வடிகாலில் சேர்க்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் அடுத்தவர் மனைக்குள் விடக் கூடாது. வீடு கட்டுவோருக்கான விதி இது. பணியில் இருந்தபோது இதன் எண்ணையும் உட்பிரிவையும் யார் எப்போது கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்றபின் மறந்துவிட்டது என்று சொல்லித் தப்பலாம் என்றால், அதுவும் மறக்கவில்லை.

கோவையில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில், வீட்டு வரைபடங்களைச் சரிபார்த்து அனுமதிக்குப் பரிந்துரைக்கும் பிரிவில்தான் என் பணிக்காலம் பெரும்பாலும் கழிந்தது. ‘மழைநீர் வெளியேறும் வழி அம்புக்குறியிட்டுக் காட்டப்படவில்லை, திருத்தி மீண்டும் அனுப்பவும்’ என்று எழுதி நான் திருப்பிய கோப்புகளை அடுக்கினால் ஒரு சின்ன வீடே கட்டலாம். ஆட்கள் மூச்சிரைக்க மாடியேறி வருவார்கள். “அம்புக்குறி தானுங்களே சார், இங்கயே போட்டுர்றனுங்க” என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுப்பார்கள். போட்டுக் கொடுப்பார்கள். நானும் அனுப்பி வைப்பேன். தாளில் அம்பு போட்டால் தண்ணீர் அந்த வழியே போய்விடும் என்று அவர்கள் நம்பினார்களா தெரியாது. நான் நம்பியதாகக் கோப்பு சொல்லும்.

ஓய்வு பெற்ற பிறகு சிங்காநல்லூர்ப் பக்கம் முன்பே வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டினேன். தெற்குப் பார்த்த மனை. தெருவும் தெற்கில். ஊரார் வீட்டில் எதையெல்லாம் குறை சொன்னேனோ அதெல்லாம் என் வீட்டில் வரக் கூடாது என்று வீம்பு. பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை நானே டேப் பிடித்து அளந்து விட்டேன். மாடிப்படியின் உயரம், சன்னலின் பரப்பு, எல்லாம் விதிப்படி.

குடிவந்த பிறகுதான் விதியில் இல்லாதவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. குளியலறை சுவிட்சு, திறந்த கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது; இருட்டில் உள்ளே போய், கதவைச் சாத்தி, பிறகு விளக்கைப் போட வேண்டும். கிரைண்டர் வைக்கும் இடத்தில் பிளக் இல்லை. பிளக் இருக்கும் இடத்தில் கிரைண்டர் நிற்காது. வாஷிங் மெஷின் தண்ணீர் மேட்டுப் பக்கம் ஓட மறுத்தது. செருப்பு விட இடமே யோசிக்கவில்லை. வருகிறவர்கள் வாசற்படியில் விட்டார்கள், போகிறவர்கள் அதில் இடறினார்கள்.

“ஊரு ஊட்டுக்கெல்லாம் குத்தம் கண்டுபுடிச்ச மனுசன் கட்டுன ஊடுங்க இது,” என்று என் மனைவி வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவாள். “பாத்து வாங்க, செருப்பு தடுக்கும்.”

இவையெல்லாம் எங்களை மட்டும் இடறியவை. சிரித்துக்கொண்டு சொல்லலாம். சிரிக்க முடியாத ஒன்று வீட்டின் வடகிழக்கு மூலையில் இருந்தது.

எங்கள் தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை கொஞ்சம் உயரும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று அதற்கும் விதி உண்டு. அது வேறு துறை. அதனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். கிராவல் மண் கொட்டி மனையைச் சாலையைவிட இடுப்பளவு உயர்த்தினேன். கிழக்குப் பக்கத்து வீடு பழைய வீடு, மில் தொழிலாளி ஒருவர் கட்டியது. அது இருந்த இடத்திலேயே இருந்தது. சாலை உயர்ந்து, நானும் உயர்ந்து, அது தானாகப் பள்ளத்துக்குப் போனது.

என் வரைபடத்தில் மழைநீர் தெற்கே, தெருவுக்குத்தான் போனது. அம்புக்குறி அழகாக இருந்தது. தரைக்கு ஓடு பதிக்கும் வேளையில் என் மனைவியின் அண்ணன் வந்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவர். கைப்பேசியில் திசைகாட்டி வைத்திருப்பவர். அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மனையைச் சுற்றினார்.

“மாப்ளை, கன்னி மூலை ஒசரமா இருக்கோணும், ஈசானியம் எறக்கமா இருக்கோணும். தண்ணி ஈசானியத்துல தானுங்க வெளியேறோணும். நீங்க தலைகீழா வெச்சிருக்கறீங்க.”

“தெரு தெக்கால இருக்குதுங்களே. ஈசானியத்துல வெளியேறி எங்க போறது?”

“செவுத்துல ஒரு குழாயச் சொருவி உட்ருங்க. அக்கட்டால வெறும் சந்துதானுங்களே.”

“அந்தச் சந்து அவங்களதுங்க.”

“மழ என்ன வருசம் பூராவுமா பேயுது? புள்ளைக்குக் கல்யாணமாயி எத்தன வருசமாச்சு, வயித்துல ஒண்ணும் தங்கலைன்னு தங்கச்சி அழுவுறா. ஈசானியத்த அடைச்சா சந்ததிக்கு ஆவாதுங்க மாப்ளை.”

திருப்பூரில் கட்டிக் கொடுத்த எங்கள் மகளைத்தான் சொன்னார். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. அதை மறுத்துப் பேசும் துணிச்சலும் அன்றைக்கு இல்லை. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொத்தனாரைக் கூப்பிட்டு, சுற்றுச்சுவரின் அடியில் நாலு அங்குலக் குழாய் ஒன்றை வைத்துப் பூசச் சொன்னேன். தெற்கே இறங்க வேண்டிய தரை வடகிழக்கே இறங்கிற்று. மழைநீர்க் குழியையும் அந்த மூலைக்கே மாற்றினோம். ஓடு பதித்த ஆட்கள் சிமெண்ட் பாலைக் கழுவி அதிலேயே ஊற்றிவிட, குழியின் அடி இறுகிப்போனது. பார்க்கக் குழி. வேலைக்கு அது ஒரு தொட்டி. நிரம்பினால் வழியும், வழிந்தால் குழாய்.

நிறைவுச் சான்றுக்குப் பார்வையிட வந்த பையன் என்னிடம் வேலை பழகியவன். காபி குடித்தான். “சார் ஊட்டுல நாங்க என்னங்க சார் பாக்கறது?” என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே எழுதி முடித்தான். அவன் எழுந்து பின்பக்கம் போயிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவன் போகாததில் எனக்கு நிம்மதி. இந்த இரண்டும் உண்மை.

பக்கத்து வீட்டில் இருவர்தான். அந்த அம்மா மில்லில் கோன் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவர். அவர் கணவர் பஞ்சு அடிக்கும் பிரிவில் இருந்து, நெஞ்சு முழுக்கப் பஞ்சோடு ஓய்வு பெற்றவர். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்குவார். ஆனாலும் பேச்சை விட மாட்டார். அவர் கட்டில் பின் அறையில், எங்கள் பக்கம் பார்த்த சன்னலை ஒட்டி இருந்தது. காற்று அந்தப் பக்கம்தான் வரும். நான் மாடியில் துணி எடுக்கப் போனால் கீழிருந்து குரல் வரும்.

“ஏனுங்க ஆப்பீசரே! மேல நின்னா மருதமலை தெரியுதுங்களா?”

“நல்லாத் தெரியுதுங்க.”

“எங்கூட்டு சன்னல்ல பாத்தா உங்க காம்பவுண்டு நல்லாத் தெரியுதுங்க.” சிரிப்பும் இருமலும் சேர்ந்து வரும். “கோயிலுக்குப் போற செலவு மிச்சமுங்க. செவுத்தையே கும்பிட்டுக்கறேன்.”

அந்த அம்மா உள்ளிருந்து, “வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்களே. அவரு மனசு என்ன நெனைக்கும்?” என்று அதட்டுவார்.

கட்டடம் முடிந்து மிஞ்சிய செங்கல் சுவரோரம் அடுக்கிக் கிடந்தது. ‘வேணும்னா எடுத்துக்குங்க’ என்று அவர்களிடம் சொன்னேன். சும்மாதான் கொடுத்தேன். கொடுத்ததில் ஒரு பெருமை இருந்தது.

முதல் ஐப்பசியில் ஒரு மாலை நல்ல மழை. நான் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன். நான்கு பக்கமும் விழுந்த தண்ணீர் வரிசை கலையாமல் ஈசானிய மூலைக்குப் போய், குழியில் இறங்கிப் பின் மறைந்தது. எங்கேயும் ஒரு சொட்டு நிற்கவில்லை. ‘தரைமட்டம் கச்சிதம்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்த அம்மா பின்கதவு வழியாகத் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். சுவருக்கு மேலே தலை நீட்டினேன்.

“என்னங்கம்மா, தண்ணி வந்துருச்சுங்களா?”

“மழைன்னா வரத்தானுங்க செய்யும்.”

“நம்ம பக்கத்துத் தண்ணி ஏதாச்சும்...”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பரவால்லீங்க. நீங்க காப்பி குடிச்சாச்சுங்களா?”

அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து மனைக்காரருக்குத் தகவல் சொல்வோம். குறித்த நாளுக்குள் அவரிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் ‘ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை’ என்று எழுதி அடுத்த பக்கத்துக்குப் போவோம். அன்று காலை அதைத்தான் செய்தேன். எங்கள் ஊரில் ஒருவர் ‘பரவால்லீங்க’ என்று சொன்னால் பரவாயில்லை என்று பொருள் கிடையாது. உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை என்று பொருள். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியும். தெரிந்தும் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் ஐப்பசியில் பின் அறைச் சன்னல் சாத்தியே கிடந்தது. மாடியில் எவ்வளவு நேரம் நின்றாலும் குரல் வரவில்லை. ஒரு நாள் குழம்பு கொடுக்கப் போன என் மனைவி கிண்ணத்தோடு திரும்பி வந்து, சமையலறையில் அதை ‘ணங்’கென்று வைத்தாள்.

“செவுரு முழங்கால் ஒசரத்துக்கு ஊறி உப்புப் பூத்துக் கெடக்குதுங்க. கைய வெச்சா பூச்சு மாவாட்டம் உதுருது. கட்டலுக்கு அடியில நாலு பக்கமும் செங்கல்லு வெச்சு ஒசத்தியிருக்கறாங்க.” என் பக்கம் திரும்பினாள். “நம்ம செங்கல்லுங்க.”

“அவருக்கு எப்படி இருக்குது?”

“உக்காந்துக்கிட்டே தூங்கறாருங்க. படுத்தா மூச்சு முட்டுதாம். ஈரம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாராம். அந்தம்மா அதக்கூட அப்படிச் சொல்லலீங்க. ‘வயசாச்சுங்களே அம்மணி’ன்னு சொல்றாங்க.”

நான் உடனே ஒரு காரியம் செய்தேன். எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் கட்டித் தர வேண்டும் என்று அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். தெருவின் நீளம், சரிவு, தாழ்வான வீடுகள், எல்லாம் சேர்த்து முறையான மனு. பதில் வர வேண்டிய மனுவை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும். பதில் வராத மனுவை எப்படி எழுதுவது என்பதும் தெரியும். கேட்க வேண்டியது ஓர் அதிகாரியிடம் என்றால் மூன்று துறைகளுக்கு நகல் போட வேண்டும். ஒவ்வொன்றும் மற்றதன் வேலை என்று நினைத்துக்கொள்ளும். நான் மூன்று நகல் போட்டேன்.

உண்மையான தீர்வு சின்னது. வீட்டைச் சுற்றிப் பதித்த ஓட்டை உடைத்து, தரையைத் தெற்கே சரித்து, தண்ணீரை என் வாசல் வழியாகத் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். வரைபடத்தில் இருந்ததே அதுதான். மழை நின்று வெயில் வந்ததும் செய்வது என்று முடிவு செய்தேன். வெயில் வந்ததும் அவசரம் போய்விட்டது. பங்குனி போய்ச் சித்திரை வந்த பிறகு ஒருவழியாகக் கொத்தனாரை வரச் சொன்னேன். அவரும் ஆளும் உளி சுத்தியலோடு வந்து இறங்கிய காலையில்தான் என் மகள் திருப்பூரிலிருந்து கூப்பிட்டாள். மனைவி கைப்பேசியைக் காதில் வைத்தபடி அழுதாள், சிரித்தாள், பிறகு வாசலுக்கு ஓடிப்போய்க் கொத்தனாருக்கு முன்னால் நின்றாள்.

“ஒரு கல்லுகூடத் தொடாதீங்க. புள்ள முழுகாம இருக்கறா.”

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் இடிக்கக் கூடாது, தோண்டக் கூடாது, வயிற்றுக்கு ஆகாது. எங்கள் பக்கம் இதைச் சொல்ல யாருக்கும் புத்தகம் வேண்டாம். கொத்தனாரே சுத்தியலைத் துணியில் சுற்றிவிட்டார். “நல்ல சேதிங்க. கொழந்த பொறந்த பொறவு பாத்துக்கலாமுங்க,” என்று காபி குடித்துவிட்டுப் போனார்.

“அவ திருப்பூர்ல இருக்கறா,” என்றேன்.

“இந்த ஊட்டுப் புள்ளதானுங்களே? பிரசவத்துக்கு இங்கதான வரப் போறா?” என்றாள் மனைவி. “இத்தன வருசம் தங்காதது இந்த ஊட்டுக்கு வந்த பொறவு தானுங்க தங்கியிருக்குது. அந்த மூலையத் தொட எனக்குத் தைரியமில்லீங்க. உங்களுக்கு இருக்குதுங்களா?”

நம்பிக்கை இல்லாத எனக்கும் இல்லை.

ஆவணியில் ஏழாம் மாதக் கட்டுச்சோறு விருந்து முடிந்து மகளை அழைத்து வந்தோம். அடுத்த மழைக்காலம் தூரத்தில் இல்லை. முதல் முறையாக அந்த அம்மாவிடம் நேராகக் கேட்பது என்று போனேன். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அவர் கணவர் கட்டில் கூடத்துக்கு வந்திருந்தது. நடமாடும் வழியில், தொலைக்காட்சிக்கும் கதவுக்கும் நடுவில். சுவரில் சாய்ந்து கண் அயர்ந்திருந்தார்.

“ஒரு விசயமுங்கம்மா. எங்க பக்கத்து மழைத்தண்ணி உங்க சந்துல வருதுங்க. அத நான் திருப்பி உடோணும். தரைய உடைச்சாத்தான் ஆகும். மக மாசமா இருக்கறதால இப்ப உடைக்க முடியல. இந்த ஒரு மழைக்காலம் மட்டும்... உங்களால பொறுத்துக்க முடியுமுங்களா?”

கேட்டு முடித்ததும் என் வாயிலிருந்து வந்தது கேள்வியா மனுவா என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மணி நல்லாச் சாப்புடுதுங்களா?”

“சாப்புடறாளுங்க. நான் கேட்டது...”

“அவரு இப்பத்தான் கண்ணசந்தாருங்க. அவர்கிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க.”

சொல்லவில்லை. தினமும் சுவருக்கு மேலே பார்த்துக்கொண்டோம். மகளுக்குப் புளியங்காய் வேண்டுமா, கால் வீங்குகிறதா என்று கேட்பார். முறுக்குச் சுட்டுக் கொடுத்தனுப்புவார். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. நானும் இன்னொரு முறை கேட்கவில்லை. பதில் இல்லாத வரை என் கேள்வி நிலுவையில் இருந்தது, நிலுவையில் இருக்கும் எதற்கும் யாரும் பொறுப்பு இல்லை.

புரட்டாசிக் கடைசியில் வானம் கறுக்கத் தொடங்கியதும் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கால்டாக்சி நின்றது. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் அவர்கள் மருமகன் வந்து, மாமனாரைக் கைத்தாங்கலாக ஏற்றினார். அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து சாவியை என் மனைவி கையில் வைத்தார்.

“மக ஊட்டுல கொஞ்ச நாளு இருந்துபோட்டு வாரோமுங்க. மழ முடிஞ்சா வந்துருவோம். வெள்ளிக்கெழமைக்கு மட்டும் வெளக்கு வெச்சுப்போடுங்க அம்மணி.”

காரிலிருந்து அவர் கையை உயர்த்தினார். பேச மூச்சு இல்லை. என் வீட்டுச் சுவரைக் காட்டி, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுச் சிரித்தார். பழைய வேடிக்கைதான். நானும் சிரித்து வைத்தேன்.

ஐப்பசி இரண்டாம் வெள்ளி, பிற்பகலிலிருந்தே மழை. மனைவிக்கு முழங்கால் வலி. “நீங்க போயி வெளக்கு வெச்சுப்போட்டு வாங்களே,” என்றாள். குடையோடு போய்ப் பூட்டைத் திறந்தேன். கூடத்தில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது பின் அறையிலிருந்து சத்தம் கேட்டது. யாரோ குழாயைத் திறந்து விட்டதைப் போல.

பின் அறையில் கணுக்கால் தண்ணீர். கட்டில் இருந்த இடத்தில் நாலு செங்கல் அடுக்குகள் மட்டும் நின்றன. சன்னல் கதவின் உட்புறத்தில், படுத்திருப்பவர் கண்ணுக்கு நேராக, நாட்காட்டியிலிருந்து கிழித்த மருதமலைப் படம் ஒட்டியிருந்தது. அடிப்பாதி ஊறிச் சுருண்டு, படிக்கட்டும் அடிவாரமும் கரைந்துபோயிருந்தன. சன்னலைத் திறந்தேன்.

அந்தச் சுவரின் மறுபக்கத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை. என் பக்கம் வழுவழுப்பாகப் பூசி, வெளிர் மஞ்சள் அடித்திருந்தேன். இந்தப் பக்கம் பூச்சே இல்லை. அடுத்தவர் பார்க்கும் பக்கத்துக்கு யார் பூசுவார்கள் என்று விட்டுவிட்டோம். வெறும் கல், வழிந்து காய்ந்த சிமெண்ட், அதன் நடுவில் ஒழுங்காக அறுக்காத குழாயின் வாய். என் பக்கத்தில் அதற்குத் துருப்பிடிக்காத சல்லடை மூடி போட்டிருக்கிறேன். அதன் வழியாக என் கூரை, என் முற்றம், என் கார் நிற்கும் இடம், எல்லாவற்றின் தண்ணீரும் சந்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சாலை உயர்ந்துவிட்டதால் சந்துக்கு வெளியே போக வழியில்லை. பின்கதவின் நிலைப்படியைத் தாண்டி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அலை அலையாக உள்ளே வந்தது.

ஆயிரம் மனைகளைப் பார்வையிட்டுக் குறிப்பு எழுதியவன் நான். என் வீட்டுக்கான பார்வையிடலை அன்றைக்குத்தான் செய்தேன்.

வீட்டுக்கு ஓடி, பழைய வேட்டியையும் சிமெண்ட் சாக்கையும் சுருட்டிக் குழாயை அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் எங்கள் பக்கமே ஏறியது. துணி துவைக்கும் இடம் மூழ்கி, பின்வாசலுக்கு வந்தது.

“அப்பா, என்னங்க இது? கால் வெக்க முடியலீங்க,” என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றாள்.

“நீ உள்ள போயி உக்காரு கண்ணு.”

வாளியை எடுத்து மோந்தேன். வீட்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், தெற்கு வாசல் வழியாகத் தெருவில் ஊற்றினேன். திரும்பினேன், மோந்தேன். நாலைந்து நடை கழித்து மனைவி எதிரில் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். முழங்கால் வலியோடு இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டாள்.

“ஈசானியத்த அடைச்சுப்போட்டேன்,” என்றேன்.

“பாத்தேனுங்க.” ஒரு நடை போய்வந்த பிறகு சொன்னாள்: “இடிக்கத் தானுங்க கூடாது. மோந்து ஊத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லலீங்களே.”

அதுதான் என்னை அன்று உட்கார்ந்து யோசிக்க வைத்தது. மறுநாள் சின்ன மோட்டார் ஒன்றை வாங்கி, மழைநீர்க் குழிக்குள் இறக்கி, ஒரு ரப்பர் குழாயைத் தெருவுக்கு இழுத்துவிட்டேன். அந்த மழைக்காலம் முழுவதும் மறுபக்கம் ஒரு வாளித் தண்ணீர்கூடப் போகவில்லை. வாஸ்து கோபித்துக்கொள்ளவில்லை. கார்த்திகையில் பேத்தி பிறந்தாள், நல்லபடியாக. இந்த மோட்டாரை முதல் மழைக்கே வைத்திருக்கலாம். எதையும் உடைக்க வேண்டியதில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அது தோன்றவில்லை. காலியான ஒரு வீட்டுக்காகச் செய்ததை ஆள் இருந்த வீட்டுக்காகச் செய்யத் தோன்றவில்லை.

மார்கழி போனதும், பொங்கல் கழித்து, கொத்தனார் மறுபடி வந்தார். ஓடு உடைபட்டது, தரை தெற்கே திரும்பியது. குழாயை எடுத்து ஓட்டையை அடைத்தோம். அவர்கள் சந்துக்குள் போய், சுவரின் மறுபக்கத்துக்கும் பூச்சுப் பூசி வெள்ளையடிக்கச் சொன்னேன். அந்தப் பின் அறையின் உதிர்ந்த பூச்சையும் கொத்திவிட்டு, மின்விசிறியைப் போட்டு, கதவு சன்னல் எல்லாம் திறந்து காய விட்டேன். பிறகு அந்த அம்மாவைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பின்னால் தறிச் சத்தம் சடசடவென்று கேட்டது.

“ரூமு நல்லாக் காஞ்சுருச்சுங்கம்மா. தண்ணி இனி வராது. எப்ப வாரீங்க?”

“எதுக்குங்க உங்களுக்கு அத்தன செரமம்...” கொஞ்சம் விலகிப் போயிருக்க வேண்டும், தறிச் சத்தம் குறைந்தது. “அவருக்கு இப்ப மிசினு வெச்சுத் தானுங்க மூச்சு. ஒரு எட்டு நகத்த முடியலீங்க. மாடியில காஞ்ச எடமாப் பாத்துப் படுக்க வெச்சிருக்கறோம். அந்த ஊட்ட வாடகைக்கு உட்டுப்போடலாம்னு மருமகன் சொல்றாப்புல. நீங்களே நல்ல ஆளாப் பாத்துச் சொல்லுங்க.”

அவராகவே தொடர்ந்தார்.

“நீங்க அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களே, ஆவணியில. அதுக்கு நான் பதிலே சொல்லலீங்க.”

“பரவால்லீங்கம்மா.” என் வாயிலும் அதுதான் வந்தது.

“அன்னைக்கே அவர்கிட்டக் கேட்டேனுங்க. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாராம், எல்லாங் கேட்டுதாம். ‘புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுல இடிக்க வேண்டாம்னு போய்ச் சொல்லு. ஆப்பீசருக்கு எழுத்துல வேணும்னா எழுதிக் குடு, ஆட்சேபணை இல்லைன்னு’ அப்படின்னு சிரிச்சாருங்க. நான்தான் வந்து சொல்லல.”

“ஏனுங்கம்மா?”

“பொறுத்துக்கறோம்னு சொன்னா, எங்கூட்டுக்குள்ள தண்ணி வருதுன்னு நான் சொன்ன மாதிரி ஆயிருமுங்களே. உங்க மனசு சங்கடப்படும்னுட்டு உட்டுப்போட்டேனுங்க.”

தறிச் சத்தம் மறுபடி நெருங்கி வந்தது. நேரம் ஆகுது, அவருக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்.

அலுவலகத்தில் எந்தத் தபால் வந்தாலும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் முன் மூலையில் அது வந்த நாளின் முத்திரையைப் போடுவோம். அந்தப் பதிலுக்கும் கை அதைத் தானாகத் தேடியது. நாட்காட்டியைப் பார்த்தேன். தை மாதம், மருதமலைப் பூசத் தேருக்கு முந்தின நாள்.